நாலு சென்ரிமீற்றர் வட்டம்

2008ஆம் ஆண்டு நோன்பு செப்டம்பரில் வந்தது. தலைநோன்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மச்சான் டோஹாவிலிருந்து லீவில் வந்தார். ராத்தாவுக்குச் சேலை, உம்மாவுக்கு அபாயா, வீடு நிறையச் சொக்கலேட் எல்லாம் பெட்டியிலிருந்து வெளியே வந்து முடிந்தபிறகு, துவாய்க்குள் சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்பு லெப்டொப்பை எடுத்து என் மடியில் வைத்தார். “படிக்கிறதுக்கு” என்றார். நான் அப்போது உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். மருதமுனையில் எங்கள் ஒழுங்கையில் அதுவரை ஒருவரிடமும் லெப்டொப் இருக்கவில்லை.

15.4 அங்குலத் திரை, 1280×800. அதற்கு முன் நான் பார்த்த திரையெல்லாம், ஸ்கூல் லேபிலும் சரி கல்முனை டவுனில் மணிக்குக் காசு கொடுத்துக் குந்தியிருந்த நெட் கஃபேயிலும் சரி, முதுகு பெருத்த பெட்டி மொனிட்டர்கள். அவை ஏறத்தாழச் சதுரம். இதுவோ அகலவாக்கில் நீண்டு கிடந்தது. உம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, கடல்காற்று பட்டால் கறள் பிடிக்கும் என்று மூடி வைக்க ஒரு துணி தைத்துத் தந்தா.

தராவீஹ் முடிந்த கையோடு சிநேகிதர்கள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். இருட்டினால் வீதியில் நிற்க ஏலாத காலம் அது. கிழக்கில் சண்டை ஓய்ந்து ஓராண்டு ஆகியிருந்தாலும் பயம் ஓயவில்லை. நோன்பு இரவுகள் என்றால் சஹர் வரைக்கும் யாராவது ஒருவன் வீட்டு அறைக்குள்தான். டவுனில் சீடி எரித்துக் கொடுக்கும் கடையில் வாங்கிய ‘நீட் ஃபோர் ஸ்பீட்: மோஸ்ட் வோண்டட்’டைப் போட்டோம். 2005இல் வந்த கேம். நெட் கஃபேயில் நான் கார் காராக முன்னேறி, கேமின் கறுப்புப் பட்டியலில் இருந்த எதிராளிகளில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தேன். அந்த நகரத்தின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும்.

கார் வந்து நின்றது. என்னமோ பிழை. கார் தட்டையாக, சில்லுக்கு மேல் யாரோ ஏறி மிதித்ததுபோல் இருந்தது. முதலில் என் கண் பழகவில்லை என்றே நினைத்தேன். பிறகுதான் திரையின் இடது கீழ்மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன வரைபடம் சுற்றிக்கொண்டிருக்கும். பொலிஸ் கார்கள் அதில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அந்த வரைபடம் வட்டமாக இருக்க வேண்டும். அது முட்டையாகிக் கிடந்தது. வலது மூலையில் வேகமானியும் முட்டை.

சஹர் முடிந்து எல்லாரும் படுத்த பிறகு, கேமை இடையில் நிறுத்தி வைத்துவிட்டு, கணிதப் பெட்டிக்குள் இருந்த அடிமட்டத்தை எடுத்துத் திரையில் வைத்து அளந்தேன். உயரம் நாலு சென்ரிமீற்றர். அகலம் நாலு தசம் எட்டு.

அந்த இலக்கம் எனக்குள் புகுந்துகொண்டது. ஐந்துக்கு ஆறு. எல்லாமே ஐந்துக்கு ஆறாக இழுபட்டிருந்தன.

கணக்குக் கஷ்டமில்லை. கேமின் உள்ளே ரெசலூஷன் லிஸ்ட்டைத் திறந்தால் 640×480, 800×600, 1024×768 என்று வரும். இவை எல்லாம் நாலுக்கு மூன்று. எங்கள் திரை பதினாறுக்குப் பத்து. அதற்குரிய அளவு ஒன்றும் லிஸ்ட்டில் இல்லை. 1024 புள்ளியை 1280 புள்ளிக்கு இழுத்தால் அகலம் ஒன்றேகால் மடங்கு ஆகிறது. உயரமோ 768இலிருந்து 800க்கு, கொஞ்சம்தான் ஏறுகிறது. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.2. என் அடிமட்டம் சொன்னதும் அதே 1.2தான்.

நாலுக்கு மூன்று என்பது எங்கிருந்து வந்தது என்று பிறகொரு காலத்தில் தேடிப் படித்தேன். எடிசனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த டிக்ஸன் என்பவர் 1892இல் 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளில் ஒரு படத்துக்கு நாலு துளை உயரம் என்று வைத்தார். அதில் விழுந்த சட்டத்தின் வடிவம்தான் நாலுக்கு மூன்று. சினிமாவிடமிருந்து டிவி அதை எடுத்தது, டிவியிடமிருந்து கொம்பியூட்டர் மொனிட்டர் எடுத்தது. டிவியும் கொம்பியூட்டரும் வெகுகாலம் அந்தச் சட்டத்துக்குள்தான் படம் காட்டின. பிறகு லெப்டொப்புகள் இரண்டு மூன்று வருஷத்துக்குள் அகன்றுவிட்டன. அதற்கு முன் எழுதி முடித்த கேம்கள் அகலவில்லை. டோஹாவிலிருந்து வந்த பெட்டிக்கும் கல்முனையில் எரித்த சீடிக்கும் இடையில் இருந்த இடைவெளி அவ்வளவுதான்.

சிநேகிதர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. “படம் முழு ஸ்கிரீனுக்கும் வருது தானே மச்சான், இன்னும் என்ன வேணும் ஒனக்கு?” என்றான் ஒருவன். ‘கிரிக்கெட் 07’ போட்டபோது முரளியின் தோள் ஒரு வாசல் அகலத்துக்கு நின்றது. அவர்கள் விக்கெட் விழுவதைப் பார்த்தார்கள். நான் முரளியின் தோளைப் பார்த்தேன். ஒருதரம் கண்ணில் பட்டதைப் பிறகு படாமல் ஆக்க முடியவில்லை. சந்திரன் முட்டை. கார்ச் சில்லு முட்டை. ஆள்கள் எல்லாம் குட்டையும் தடிப்புமாக நடந்தார்கள்.

எனக்கு வழி காட்டியவர் மாமா. உம்மாவின் தம்பி. மருதமுனை என்றாலே கைத்தறி என்று நாட்டுக்குத் தெரியும். மாமா சின்ன வயதிலிருந்து தறியில் இருந்தவர். சாரனும் சேலையும் நெய்வார். கொம்பியூட்டரைத் தொட்டதே இல்லை. ஒருநாள் அஸருக்குப் பிறகு நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுக்க வந்தவர், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இதென்ன மனே, வட்டம் நசிஞ்சி போய்க் கிடக்கு?”

அவர் கேட்டதும் எனக்கு அழுகை வராத குறை. என்னைத் தவிர வேறொரு மனிதரின் கண்ணுக்கும் அது பட்டிருந்தது. நான் அடிமட்டத்தை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு சொன்னதை நான் இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் சொல்வேன்.

“கட்டச் சாரன்ல கட்டம் நீட்டுப்பாட்டுக்கு இழுபட்டிரிந்தா அடி காணாதெண்டு அர்த்தம். நெய்றவன் கொஞ்சம் பலமா அடிச்சாச் சரியாகிடும். இது அகலப்பாட்டுக்கெல்லோ இழுபட்டிரிக்கி. அப்ப பிழை பாவுல. பாவுப் பிழைய நெய்யக்குள்ள திருத்த ஏலா. தறியில ஏத்துறதுக்கு முந்தித்தான் திருத்தணும்.”

ஊடையை நெருக்கி அடிப்பதும் இளக்கி அடிப்பதும் நெய்கிறவன் கையில் இருக்கிறது. துணியின் நீளவாக்கு அதனால் மாறும். அகலம் அப்படி இல்லை. பாவு நூல் எத்தனை, எவ்வளவு அகலத்துக்குப் பரத்தியிருக்கிறது என்பது முதல் ஊடை ஓடுவதற்கு முன்பே முடிந்துபோன காரியம். மாமா அதைச் சொல்லிவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அப்படியே இருந்தேன். மூன்று கிழமையாக நான் கேமுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன். கேம் தறியில் ஏறி ஓடத் தொடங்கிய பிறகு பாவில் கை வைக்கப் பார்த்திருக்கிறேன்.

கேமுக்கு முந்தி இருப்பது கிராஃபிக்ஸ் ட்ரைவர். கேம் அனுப்புகிற படத்தைத் திரைக்கு ஏற்ப இழுத்துப் பரத்துவது அதன் வேலை. கண்ட்ரோல், ஓல்ட், எஃப்12 மூன்றையும் சேர்த்து அமுக்கினால் எங்கள் லெப்டொப்பில் அதன் அமைப்புப் பெட்டி திறக்கும். திறந்தேன். நிறம், வெளிச்சம், திரையைச் சுழற்றுவது எல்லாம் இருந்தன. இழுப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. டவுனுக்குப் போய் நெட் கஃபேயில் ஒரு மணித்தியாலம் தேடினேன். ‘அகல உயர விகிதத்தைப் பேணு’ என்று ஒரு தெரிவு இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருந்தது. கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து பார்த்தேன். இல்லை. எங்கள் லெப்டொப்பில் மட்டும் இல்லையாக்கும் என்று மனம் விட்டுப்போனது.

நோன்பின் கடைசிப் பத்தில் ஒருநாள் கேம் இடையில் இறுகி நின்றது. டாஸ்க் மேனேஜரால் அதைக் கொன்றேன். கேம் போய்விட்டது, ஆனால் திரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை; ஐகன்கள் எல்லாம் பெருத்து 1024×768இலேயே நின்றது. அதைச் சரிசெய்யத்தான் ட்ரைவரின் அமைப்புப் பெட்டியைத் திறந்தேன். முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் மூன்று வரி முளைத்திருந்தது: முழுத்திரைக்கும் இழு; விகிதத்தைப் பேணு; நடுவில் வை.

காரணம் எளியது. திரை தன் சொந்த அளவில், 1280×800இல் இருக்கும்போது இழுப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதனால் அந்தத் தெரிவை அது காட்டுவதில்லை. திரையை முதலில் சின்ன அளவுக்கு இறக்கினால்தான் கேள்வி பிறக்கும், கேள்வி பிறந்தால்தான் பெட்டியில் அந்த வரி வரும். அவ்வளவு நாளும் நான் சரியான கதவை, அது சுவராக இருக்கும் நேரத்தில் தட்டியிருக்கிறேன். இரண்டாவது வரியைத் தெரிவுசெய்து ஓகே கொடுத்தேன். கேமைத் திறந்தேன். அடிமட்டம் கையிலேயே இருந்தது. உயரம் நாலு. அகலமும் நாலு. வட்டம்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி நின்றது. பக்கத்துக்கு 106 புள்ளி, அடிமட்டத்தில் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைய. அன்றிரவு வந்தவர்கள் அதைக் கண்டதும் சத்தம் போட்டார்கள். “இவ்வளவு பெரிய ஸ்கிரீன வெச்சிக்கிட்டு ரெண்டு பக்கமும் அடைச்சி வெச்சிரிக்கான்” என்றார்கள். நான் கழிவறைக்குப் போய் வருவதற்குள் யாரோ பழையபடி மாற்றிவிடுவார்கள். நான் வந்து திருப்பி மாற்றுவேன். ஒருவனோடு அந்த நோன்பு முடியும்வரை பேசாமல் இருந்தேன். பெருநாள் தொழுகைக்குப் பிறகு அவன்தான் வந்து முஸாபஹா செய்தான். கறுப்புப் பட்டி காலியிடம் என்று அவன் சொன்னான். படம் இல்லாத இடத்தில் படம் இல்லை என்று காட்டுவது எப்படிக் குறையாகும் என்று நான் கேட்டேன். இன்றுவரை நான் கேட்பதும் அதைத்தான்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கு இன்னொரு காரியமும் உண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தபோது எங்கள் பழைய வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. உம்மாவின் உம்மா, என் மூத்தம்மா, அந்த வீட்டில் இருந்தா. வீடும் போனது, மூத்தம்மாவும் போனா. அல்பங்கள் எல்லாம் அலுமாரியோடு போயின. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக் கூடாது என்று சொன்னதால் நாங்கள் வீதிக்கு மேற்கே வந்தோம். மூத்தம்மாவின் படம் ஒன்றாவது கிடைக்குமா என்று உம்மா சொந்தக்காரர் வீடெல்லாம் கேட்டுத் திரிந்தா. சம்மாந்துறையில் ஒரு கலியாண அல்பத்தில், பெண்கள் கூடியிருந்த படமொன்றின் ஓரத்தில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்த மூத்தம்மா கிடைத்தா. ஸ்டூடியோவில் அந்தப் பகுதியைப் பெருப்பித்து ஸ்கேன் பண்ணி ஒரு சீடியில் தந்தார்கள். பிரிண்ட் ஒன்று உம்மாவின் குர்ஆன் தட்டுக்குக் கீழே லாச்சிக்குள் இருந்தது. சீடியைப் போட்டுப் பார்க்க வீட்டில் அதுவரை எதுவுமில்லை.

லெப்டொப் வந்த முதல் கிழமையே, உம்மா சந்தோஷப்படுவா என்று, அந்தப் படத்தை டெஸ்க்டொப்பின் பின்னணியில் போட்டு உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உம்மா கிட்ட வந்து பார்த்தா. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னா: “உம்மாட மொகம் ஒடுங்கின மொகமெல்லோ.”

நான் அப்போது அதை விளங்கிக்கொள்ளவில்லை. நாலு வருஷத்தில் உம்மாவுக்கு மறந்திருக்கும் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மறந்தது உம்மா இல்லை. அந்தச் சீடியில் இருந்த படம் நாலுக்கு மூன்று. விண்டோஸ் அதைத் திரை முழுக்க நிரப்புவதற்காக இழுத்திருந்தது. மூத்தம்மாவின் கன்னத்தை ஐந்துக்கு ஆறாக்கியிருந்தது. என் வட்டத்தைக் கெடுத்த அதே கணக்கு.

கறுப்புப் பட்டியைக் கண்டுபிடித்த அன்றுதான் இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைத்தது. பெயின்டில் 1280×800இல் ஒரு வெள்ளைத் தாளைத் திறந்து, படத்தை 800 உயரத்துக்கு அளவாகச் சுருக்கி, நடுவில் ஒட்டிச் சேமித்துப் பின்னணியில் போட்டேன். உம்மாவைக் கூப்பிடவில்லை. லெப்டொப்பைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்தபோது உம்மா கதிரையை இழுத்துப் போட்டு அதற்கு முன்னால் இருந்தா. பட்டரி தீர்ந்து திரை அணைந்திருந்தது.

கறுப்புப் பட்டியோடு நான் நிறுத்தவில்லை. 2002இல் வந்த ‘மெடல் ஒஃப் ஹானர்: அலைட் அசால்ட்’ இந்த விஷயத்தில் நல்ல கேம். அதன் அமைப்புகள் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தன. ‘மெயின்’ ஃபோல்டருக்குள் ‘கொன்ஃபிக்ஸ்’, அதற்குள் ‘அன்னேம்ட் சோல்ஜர்’ என்று ஒரு கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். ‘ஆர்-மோட்’ என்ற வரியில் கழித்தல் ஒன்று போட்டால், உன் லிஸ்ட்டை விடு, நான் தரும் அளவை எடு என்று அர்த்தம். கீழே அகலத்துக்கு 1280, உயரத்துக்கு 800 எழுத வேண்டும். எழுதினேன். பட்டியும் இல்லை, இழுவையும் இல்லை, படம் முழுத்திரைக்கும் வந்தது. ஆனால் எல்லாம் கிட்ட வந்ததுபோல் இருந்தது. மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. கேம் பார்க்கும் கோணம் அகலவாக்கில் 80 பாகை என்று கட்டப்பட்டிருந்ததுதான் காரணம். அகலம் அப்படியே நிற்க, சட்டம் தட்டையானால் உயரம்தான் குறையும்.

இங்கேதான் இணைந்த கணிதம் கைகொடுத்தது. பாதிக் கோணம் 40. டேன் 40 என்பது 0.8391. அதை 1.2ஆல் பெருக்கினால் 1.0069. அதற்குரிய கோணம் 45க்குச் சற்று மேல். இரண்டு மடங்கு, 90. கோப்பில் 80 இருந்த இடத்தில் 90 என்று எழுதிவிட்டு ஒமாஹா கடற்கரைக் கட்டத்தைத் திறந்தேன். 1944 ஜூன் 6, படகு கரைக்கு வருகிறது. நெட் கஃபேயில் பார்த்த அதே காட்சி, ஆனால் இரண்டு ஓரத்திலும் முன்பு இல்லாத படகுச் சுவரும், பக்கத்தில் நிற்பவர்களின் தோளும் சேர்ந்து வந்தன. யாரையும் நசிக்காமல் உலகம் அகன்றிருந்தது. சிநேகிதர்கள் அன்றைக்குத்தான் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். அந்த 1.2 என் கையால் போட்ட கணக்கு. பரீட்சையில் எடுத்த எந்தப் புள்ளியும் எனக்கு அப்படி இனித்ததில்லை.

அடுத்த ஓரிரண்டு வருஷத்தில் ஊருக்கு வந்த லெப்டொப்புகள் எல்லாம் 1366×768 ஆகின. பதினாறுக்கு ஒன்பது. டிவிக்கு வெட்டும் கண்ணாடியின் அளவிலேயே வெட்டினால் செலவு குறைவு என்பதால் எல்லாரும் அதற்கு மாறினார்கள். இழுவை ஐந்துக்கு ஆறிலிருந்து மூன்றுக்கு நாலாகக் கூடியது. பதினாறுக்கு ஒன்பதைக் கணக்கிட்டவர் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். 1980களில், அதுவரை புழங்கிய படச்சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் சுற்றி நிற்கிற சட்டத்துக்கும், எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே அடங்குகிற சட்டத்துக்கும் ஒரே விகிதம்தான் வந்தது. அவர் மேசையிலும் ஓர் அடிமட்டம் கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ராத்தாவின் மகன் இப்போது அந்த வயதில் இருக்கிறான். அவனுடைய லெப்டொப் 1920×1080. போன லீவில் ஊருக்குப் போனபோது ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ விளையாடிக்கொண்டிருந்தான். ஆள்கள் எல்லாம் குட்டையும் தடிப்புமாக ஓடினார்கள். என் நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேணா மாமா, நான் வேணுமெண்டுதான் வெச்சிரிக்கன். ப்ரோ ஆக்கள்ல கனபேர் நாலுக்கு மூண்ட இழுத்துத்தான் விளையாடுற. ஆள் அகலமாத் தெரியும், சுட லேசி.”

அவன் சொன்னது உண்மைதான். போட்டிகளில் விளையாடுகிறவர்கள் பலர் அப்படித்தான் வைக்கிறார்கள். ஓரத்துப் பார்வையை இழந்து, நடுவில் நிற்கும் ஆளைப் பெருப்பித்துக்கொள்கிறார்கள். அறிந்து செய்கிறான் என்றால் நான் கை வைக்கக் கூடாது. பக்கத்தில் இருந்து ஒரு மெச் முடியும்வரை பார்த்தேன். பார்ப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அவன் விளையாடி முடித்ததும் ‘மோஸ்ட் வோண்டட்’ இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பழைய கேம்களுக்கு இப்போது புனைபெயரில் எழுதும் புரோகிராமர்கள் திருத்தம் செய்து சும்மா கொடுக்கிறார்கள்; ஒரு டிஎல்எல் கோப்பையும் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ ஃபோல்டரையும் கேமின் ஃபோல்டருக்குள் போட்டால் போதும். பட்டி இல்லை, இழுவை இல்லை, மூலை வரைபடம் உட்பட எல்லாம் அதனதன் அளவில் வரும். போட்டேன். கார் வந்து நின்றது. எனக்குத் தெரிந்த அந்த வளைவு, இரண்டு பக்கமும் நான் கண்டிராத மரங்களோடு விரிந்தது.

“ஒண்ட கணிதப் பெட்டிய எடு” என்றேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துவந்தான். கேமை நிறுத்தி, மூலையைக் காட்டினேன். அவன் அடிமட்டத்தைத் திரையில் குறுக்கே வைத்தான், பிறகு நெடுக்கே வைத்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மறுபடியும் குறுக்கே வைத்தான்.